கலிஃபோர்னியாவில் ஸ்கூல் போர்டு தேர்தலுக்கு நிற்பது எப்படி? மனு, பணம், பிரசாரம்

கேட்டவர்: வேப்பமரம்

எல்லோருக்கும் வணக்கம். சான்டா கிளாரா கவுன்டியில் ஒரு யூனிஃபைடு ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் குடியிருக்கிறோம். 2026 நவம்பர் 3 தேர்தலில் போர்டுக்கு நிற்கலாம் என்று இருக்கிறேன். ஐந்து பேர் கொண்ட போர்டு, ஒவ்வொரு டிரஸ்டீ ஏரியாவுக்கும் (டிஸ்ட்ரிக்டின் தேர்தல் பகுதி) ஒருவர். குடியுரிமை வாங்கியாயிற்று, வாக்காளர் பதிவும் இருக்கிறது. வேலை சாஃப்ட்வேர். மனைவி இதே டிஸ்ட்ரிக்டில் ஒரு தொடக்கப் பள்ளியில் வகுப்பு உதவியாளராக மூன்றாவது வருடம் வேலை பார்க்கிறார்.

நடுநிலைப் பள்ளியில் கணக்குப் பாடத்தில் முன்னேறிப் போக விரும்பும் பிள்ளைகளுக்கு வழி அடைபட்டிருக்கிறது. இந்தப் பக்கத்துப் பெற்றோர் பலருக்கும் அதுதான் குறை. அதை மாற்றவே நிற்க நினைக்கிறேன்.

தெரிய வேண்டியவை: மனு எப்போது, எங்கே, எவ்வளவு கட்டணம்? நண்பர்களில் பாதிப் பேர் ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள். அவர்கள் பணம் கொடுக்கலாமா? மனைவியின் வேலை இடைஞ்சலாகுமா? தமிழ்ச் சங்கம், தமிழ்ப் பள்ளி வழியாக ஆதரவு கேட்கலாமா? மொத்தச் செலவு 2,000 டாலருக்குள் முடிந்தால் படிவம் எதுவும் வேண்டாம் என்கிறார்களே, சரிதானா?

பதில் 1: கவுன்ட்டர் ஜன்னல்

மனுவை மட்டும் சொல்கிறேன். பணத்தை மற்றவர்கள் சொல்லட்டும்.

தகுதி எளிது. 18 வயது, குடியுரிமை, அந்த டிஸ்ட்ரிக்டில் குடியிருப்பு, வாக்காளர் பதிவு. உங்கள் டிஸ்ட்ரிக்டில் ஏரியா வாரியாகத் தேர்தல் என்பதால் அந்த ஏரியாவுக்குள்ளேயே வீடு இருக்க வேண்டும். 2020 சென்சஸுக்குப் பிறகு எல்லைக் கோடுகள் பல இடங்களில் நகர்ந்தன. பழைய வரைபடத்தை நம்பாமல் தேர்தலை நடத்தும் கவுன்டி ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்து எந்த ஏரியா என்று உறுதி செய்யுங்கள். எல்லா ஏரியாவுக்கும் ஒரே வருடம் தேர்தல் வராது. பதவிக்காலம் நான்கு வருடம், பாதி இடங்களுக்கு ஒரு முறை, மீதிக்கு இரண்டு வருடம் கழித்து. உங்கள் ஏரியா 2026இல் வருகிறதா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

மனு வாங்கவும் கொடுக்கவும் ஜூலை 13 முதல் ஆகஸ்ட் 7 மாலை 5 மணி வரை. கட்டணம் கிடையாது, முன்மொழிபவர்களின் கையெழுத்தும் தேவையில்லை. இப்போது பதவியில் இருப்பவர் ஆகஸ்ட் 7க்குள் மனுக் கொடுக்கவில்லை என்றால் மற்றவர்களுக்கு மட்டும் ஆகஸ்ட் 12 வரை நீட்டிப்பு உண்டு. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஆகஸ்ட் 7 மாலைக்குப் பிறகு மனுவைத் திரும்பப் பெறவும் முடியாது, பெயர் அச்சாகிவிடும்.

கடைசி நாளில் போகாதீர்கள் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. கவுன்ட்டரில் உறுதிமொழியை அலுவலர் முன்னால் வாய்விட்டுச் சொல்லிக் கையெழுத்திட வேண்டும். வேறொருவரை அனுப்பிப் படிவம் வாங்குவதென்றால் அவர் பெயரைக் குறிப்பிட்டு நீங்கள் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். தாளில் ஒரு பெட்டி விட்டுப்போனால் திரும்ப வர நேரம் இருக்க வேண்டும்.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம், பெயருக்குக் கீழே வாக்குச்சீட்டில் வரும் தொழில் விவரம். அதிகபட்சம் மூன்று சொல். இப்போதைய அல்லது கடந்த காலண்டர் ஆண்டின் முக்கியத் தொழிலாக இருக்க வேண்டும். 'சாஃப்ட்வேர் இன்ஜினியர்' தாராளமாகப் போகும். 'ஆக்டிவிஸ்ட்', 'டாக்ஸ்பேயர்', 'கன்சர்ன்ட் சிட்டிசன்' போன்றவை நிராகரிக்கப்படும். 'முன்னணி', 'நிபுணர்' என்று தன்னைத் தானே உயர்த்தும் சொற்களும் அப்படியே. இதற்கென்று தனி ஒர்க்‌ஷீட் உண்டு: வேலை செய்யும் நிறுவனம், எந்தத் தேதியிலிருந்து, யாரிடம் விசாரிக்கலாம் என்று கேட்பார்கள். அதைக் கொடுக்காவிட்டால் பெயருக்குக் கீழே வெற்றிடம்தான். முனைவர் பட்டம் இருந்தாலும் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட முடியாது.

அடுத்தது கேண்டிடேட் ஸ்டேட்மென்ட், வேட்பாளர் தன்னைப் பற்றி எழுதித் தரும் குறிப்பு. வாக்காளர் கையேட்டில் உங்கள் படத்துக்குப் பதிலாக இருக்கும் ஒரே முகம் அது. பெரும்பாலான டிஸ்ட்ரிக்டுகளில் 200 சொல், சிலவற்றில் 400. மனுவோடு சேர்த்தே கொடுக்க வேண்டும், பிறகு ஒரு எழுத்தும் மாற்ற முடியாது. மனுக் காலம் முடிந்த அடுத்த வேலை நாள் மாலை 5 மணி வரை முழுதாகத் திரும்பப் பெறலாம், அவ்வளவே. கட்சிப் பெயர் வரக்கூடாது, எதிர் வேட்பாளரைப் பற்றி ஒரு வார்த்தையும் கூடாது. அச்சுச் செலவை யார் ஏற்பது என்று டிஸ்ட்ரிக்ட் முன்கூட்டியே முடிவு செய்திருக்கும். பெரும்பாலும் வேட்பாளர் தலையில்தான். வாக்காளர் எண்ணிக்கையையும் மொழிகளையும் பொறுத்துச் சில நூறு டாலரிலிருந்து சில ஆயிரம் வரை போகும். மதிப்பீட்டுத் தொகையை மனுவோடு கட்டி, பிறகு மீதியை வாங்கவோ கூடுதலைக் கட்டவோ நேரும்.

மனு முடிந்ததும் பத்து நாள் பொதுப் பார்வைக்கு வைப்பார்கள். அந்த நாட்களில் யார் வேண்டுமானாலும் உங்கள் தொழில் விவரத்தையும் ஸ்டேட்மென்டையும் எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகலாம். நிரூபிக்க முடியாத வரி ஒன்றும் அதில் இருக்கக் கூடாது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. உங்கள் ஏரியாவில் ஒரே ஒருவர்தான் மனுக் கொடுத்தார் என்றால், தேர்தல் வேண்டும் என்று வாக்காளர்கள் மனுப் போடாத வரை தேர்தலே நடக்காது, அவர் நியமிக்கப்பட்டுவிடுவார். வாக்குச்சீட்டில் அந்த இடமே இருக்காது. யார் யார் படிவம் வாங்கினார்கள் என்ற பட்டியலை ரெஜிஸ்ட்ரார் இணையதளத்தில் அவ்வப்போது பாருங்கள்.

பதில் 2: பற்று வரவு

2,000 டாலருக்குள் என்றால் படிவமே வேண்டாம் என்பது தவறு. இந்த ஒரு நம்பிக்கையால்தான் அபராதக் கடிதம் வருகிறது.

ஒரு டாலர் வாங்குவதற்கோ செலவழிப்பதற்கோ முன்னால், நிற்கும் எண்ணத்தை அறிவிக்கும் படிவம் 501. உங்கள் சொந்தப் பணமாக இருந்தாலும் இது வேண்டும். வருடம் முழுக்க 2,000க்குக் கீழே வரவும் செலவும் இருக்கும் என்றால் படிவம் 470 ஒரு முறை, அதோடு சரி. ஸ்டேட்மென்ட் அச்சுச் செலவை உங்கள் சொந்தப் பணத்தில் கட்டினால் அந்தத் தொகை இந்த 2,000 கணக்கில் சேராது. 470 கொடுத்த பிறகு வரம்பைத் தாண்டினால் 48 மணி நேரத்துக்குள் அதன் இணைப்புப் படிவம் போக வேண்டும்.

2,000 தொட்டதும் சட்டப்படி நீங்கள் ஒரு பிரசாரக் கமிட்டி. பத்து நாளுக்குள் அதைப் பதிவு செய்யும் படிவம் 410. தேர்தலுக்கு முந்தைய கடைசி 16 நாட்களில் தொட்டால் 24 மணி நேரம். வருடக் கட்டணம் 50 டாலர். பொருளாளர் பெயர் வேண்டும். நீங்களே பொருளாளராக இருக்கலாம், ஆனால் தவிர்க்கலாம் என்பேன். பிரசாரத்துக்கு நடுவில் ரசீது தேட உட்கார முடியாது. ஐஆர்எஸ்ஸில் ஈஐஎன் (வரி அடையாள எண்) வாங்கித் தனி வங்கிக் கணக்கு திறங்கள். உங்கள் கைப்பணமும் முதலில் அந்தக் கணக்குக்குப் போய்த்தான் வெளியே வர வேண்டும். காரில் போகும்போது உங்கள் கார்டைத் தேய்த்துப் பிரசாரப் பலகை அச்சடித்துவிட்டு, பிறகு கணக்கு எழுதலாம் என்பது நடக்காது.

அதன் பின் வரவு செலவுக் கணக்கைக் காட்டும் படிவம் 460. நவம்பர் 2026க்கு: செப்டம்பர் 19 வரையான கணக்கை செப்டம்பர் 24க்குள், அக்டோபர் 17 வரையானதை அக்டோபர் 22க்குள், பிறகு அரையாண்டுக் கணக்கு ஜனவரி 31. தேர்தலுக்கு முந்தைய 90 நாட்களில் ஒரே நபரிடமிருந்து 1,000 டாலரோ அதற்கு மேலோ வந்தால் 24 மணி நேரத்தில் படிவம் 497. சொந்தப் பணம் 1,000 போட்டாலும் இதே விதிதான், இதைத்தான் மறப்பார்கள். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 10 டாலர். அதற்கு மேல் பிரசாரப் பணத்தைக் கண்காணிக்கும் மாநில ஆணையமான எஃப்பிபிசி எடுத்துக்கொண்டால் ஒரு மீறலுக்கு 5,000 வரை போகலாம்.

யாரிடமிருந்து வாங்கலாம்: கூட்டாட்சிச் சட்டப்படி வெளிநாட்டவர் எந்தத் தேர்தலுக்கும், ஸ்கூல் போர்டுக்கும்கூட, பணம் தரக்கூடாது. கிரீன் கார்டு உள்ளவர் தரலாம். ஹெச்-1பி, ஹெச்-4, எல்-1, எஃப்-1 யாரும் கூடாது. ஊரிலிருந்து அப்பா அனுப்பும் பணமும் கூடாது. இருபது டாலர் டிக்கெட்டாக இருந்தாலும் அதே. ஆன்லைன் நன்கொடைப் பக்கத்தில் 'நான் அமெரிக்கக் குடிமகன் அல்லது நிரந்தரக் குடியிருப்பாளர்' என்று டிக் அடிக்கும் பெட்டி கட்டாயம் வையுங்கள்.

அவர்கள் சம்பளம் இல்லாமல் வந்து வீடு வீடாக நடக்கலாம், போன் செய்யலாம், உறையில் முகவரி ஒட்டலாம். ஆனால் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று முடிவெடுக்கும் இடத்தில் உட்காரக் கூடாது. பொருளாளர் வேலையை ஹெச்-1பி நண்பருக்குக் கொடுப்பது நேராகக் குழியில் இறங்குவது.

100 டாலரும் அதற்கு மேலும் கொடுப்பவரின் பெயர், முகவரி, தொழில், வேலை செய்யும் நிறுவனம் நான்கும் வேண்டும். 60 நாளில் கிடைக்காவிட்டால் பணத்தைத் திருப்ப வேண்டும். கையில் ரொக்கம் 100 அல்லது அதற்கு மேல் வாங்கவும் கூடாது, அந்த அளவு ரொக்கமாகச் செலவழிக்கவும் கூடாது. ஒரு நண்பர் வீட்டில் சந்திப்பு வைத்து, இட்லி காபிக்கு அவர் செலவழித்தது 500 டாலருக்குள் என்றால் அது நன்கொடைக் கணக்கில் வராது.

வேப்பமரம்

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. 501 விஷயம் தெரியவே தெரியாது. மனைவியின் வேலை பற்றி யாராவது சொல்ல முடியுமா? அதுதான் வீட்டில் பெரிய பேச்சு.

பதில் 3: மூன்றாம் வரிசை நாற்காலி

நீங்களே டிஸ்ட்ரிக்ட் ஊழியராக இருந்தால் பதவியேற்கும் முன் ராஜினாமா செய்ய வேண்டும். மனைவிக்கு அந்த விதி இல்லை. போர்டு உறுப்பினர் தனக்குப் பண லாபம் உள்ள ஒப்பந்தத்தில் பங்கெடுக்கக் கூடாது என்பது அரசுச் சட்டம் 1090. அதற்கு விலக்கு 1091.5இல் இருக்கிறது: துணைவரின் அரசு வேலை, நீங்கள் தேர்வாவதற்குக் குறைந்தது ஓராண்டு முன்பிருந்தே இருந்தால் அது லாபமாகக் கருதப்படாது. உங்கள் வீட்டில் மூன்றாவது வருடம், ஆக அந்த வேலை தொடரலாம். ஆனால் நீங்கள் பதவியில் இருக்கும்போது அவர் வேறு பதவிக்கு, உதாரணமாக ஆசிரியராக, மாற நினைத்தால் அது புது ஒப்பந்தம். நீங்கள் வாக்களிக்காமல் ஒதுங்கினாலும் அது போதாமல் போகலாம். அவர் கிரெடென்ஷியல் (ஆசிரியர் தகுதிச் சான்று) படித்துக்கொண்டிருக்கிறாரா? அப்படியென்றால் மனுப் போடும் முன்பே இதில் பழக்கமுள்ள வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். நான்கு வருடம் அவருடைய முன்னேற்றத்தை நிறுத்தி வைக்கிற விஷயம் இது.

பதவியேற்ற 30 நாளுக்குள் படிவம் 700இல் உங்கள் பொருளாதார ஈடுபாடுகளைக் காட்ட வேண்டும்.

இனி கணக்குப் பாடம். இதைப் பிரசாரத்தில் சொல்லும் விதத்தில் கவனம் வேண்டும். தனி உறுப்பினருக்கு அதிகாரம் ஒன்றும் இல்லை; ஐந்தில் மூன்று வாக்கு சேர்ந்தால்தான் போர்டு பேசுகிறது. ஆசிரியரை மாற்றவோ, ஒரு பிள்ளையை வேறு வகுப்பில் போடவோ உங்களால் ஆகாது. கையில் இருப்பது டிஸ்ட்ரிக்டின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டன்டை நியமிப்பது, பட்ஜெட், கொள்கை. உங்கள் குறைக்கு நேரான பிடி கொள்கையில் இருக்கிறது. 2015இல் வந்த கணித வகுப்பு ஒதுக்கீட்டுச் சட்டப்படி, ஒன்பதாம் வகுப்பில் பிள்ளைகளை எந்தக் கணக்கு வகுப்பில் சேர்ப்பது என்பதற்கு ஒவ்வொரு போர்டும் பொதுக் கூட்டத்தில் கொள்கை நிறைவேற்றியிருக்க வேண்டும். பள்ளி தொடங்கிய முதல் மாதத்துக்குள் மறுபரிசீலனை ஒன்றும் அதில் இருக்க வேண்டும். உங்கள் டிஸ்ட்ரிக்டின் அந்தக் கொள்கையை எடுத்துப் படியுங்கள். 2023 ஜூலையில் மாநிலக் கல்வி வாரியம் ஏற்ற கணித வழிகாட்டி கட்டளை இல்லை, வழிகாட்டிதான். எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா வைப்பதை அது தடுக்கவில்லை. 'கொள்கையின் இந்தப் பகுதியை இப்படித் திருத்தும் தீர்மானம் கொண்டுவருவேன், அதற்கு இத்தனை வகுப்பு, இத்தனை ஆசிரியர் தேவை' என்று சொல்கிறவரை எதிராளியும் மதிப்பார்.

கூடவே பட்ஜெட் படித்தாக வேண்டும். நீங்கள் ஜெயித்தால் பதவிக்காலம் டிசம்பரின் இரண்டாவது வெள்ளி, 2026இல் டிசம்பர் 11, தொடங்குகிறது. டிசம்பர் 15க்குள் முதல் இடைக்கால நிதி அறிக்கையை போர்டு ஏற்க வேண்டும். ஜனவரி 10க்குள் ஆளுநர் பட்ஜெட் வரும். மார்ச் 15க்குள் ஆட்குறைப்பு முன்னறிவிப்புகள் போக வேண்டும். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துவரும் டிஸ்ட்ரிக்டில் பணமும் மாணவர் வருகைக் கணக்கோடு சேர்ந்து குறையும், அப்போது உங்கள் முதல் பெரிய வாக்கு கணக்குப் பாடமாக இருக்காது, எந்த வேலைகளை நீக்குவது என்பதாக இருக்கும். உங்கள் டிஸ்ட்ரிக்டின் கடைசி இடைக்கால அறிக்கை 'பாசிட்டிவ்'வா (நிதி நிலை சரி) 'குவாலிஃபைட்'டா (தட்டுப்பாடு வரலாம்) என்று இன்றே பாருங்கள். விவாத மேடையில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

பிரவுன் சட்டம், அதாவது போர்டு கூட்டங்கள் வெளிப்படையாக நடக்க வேண்டும் என்ற சட்டம்: தேர்வான நாளிலிருந்தே, பதவியேற்கும் முன்பே, உங்களைக் கட்டும். மூன்று உறுப்பினர்கள் ஒரு வாட்ஸ்அப் குழுவில் டிஸ்ட்ரிக்ட் விஷயம் பேசினால் அது சட்டவிரோதக் கூட்டம். சக உறுப்பினர் சமூக ஊடகத்தில் டிஸ்ட்ரிக்ட் விஷயம் எழுதினால் அதற்குக் கீழே கட்டைவிரல் ஈமோஜி போடுவதும் கூடாது.

பதில் 4: ஒற்றைப்படை வீடுகள்

பிரசாரம் பற்றி யாரும் தொடவில்லை, எனவே இது.

நம்மவர்கள் தோற்பது பெரும்பாலும் ஒரே காரணத்தால். வாட்ஸ்அப் குழுவில் ஐந்நூறு பேர் இருக்கிறார்கள், எல்லோரும் 'வாழ்த்துகள்' போட்டுவிட்டார்கள் என்ற நம்பிக்கை. அந்த ஐந்நூறில் குடியுரிமை உள்ளவர் எத்தனை, பதிவு செய்தவர் எத்தனை, உங்கள் ஏரியாவுக்குள் வீடுள்ளவர் எத்தனை என்று சலித்தால் முப்பது கூடத் தேறாது. சான் ஃபிரான்சிஸ்கோவில் 2016இல் வாக்காளர்கள் ஏற்ற விதிப்படி குடியுரிமை இல்லாத பெற்றோரும் ஸ்கூல் போர்டுக்கு வாக்களிக்கலாம். உங்கள் கவுன்டியில் அது இல்லை.

ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் வாக்காளர் கோப்பு விலைக்குக் கிடைக்கும். தேர்தல் வேலைக்கு மட்டும் பயன்படுத்துவேன் என்று விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டும். அதில் முகவரி, வயது, எந்தெந்தத் தேர்தலில் வாக்களித்தார் என்று வரிசையாக இருக்கும், யாருக்கு என்பது இருக்காது. உதாரணத்துக்கு உங்கள் ஏரியாவில் 18,000 வாக்காளர், 60 சதவீதம் வாக்களிப்பு என்றால் 10,800. ஸ்கூல் போர்டு சீட்டின் அடிப்பகுதியில் வருவதால் ஐந்தில் ஒருவர் அதை வெறுமையாக விட்டுவிடுவார் என்று வைத்தால் 8,640. மூன்று பேர் போட்டியில் 40 சதவீதம் போதும், சுமார் 3,450. அதிக வாக்கு வாங்கியவர் ஜெயித்தார், மறு சுற்று கிடையாது. இந்த எண்ணைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் பிறகு வேலை தொடங்குங்கள்.

கோப்பைத் தெரு வாரியாக, ஒற்றைப்படை எண் ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம் என்று பிரித்து அச்சிடுங்கள். ஒருவர் மணிக்குப் பதினைந்து இருபது கதவு தட்டலாம், மூன்றில் ஒன்று திறக்கும். தவறாமல் வாக்களிக்கிறவர்களில் பிள்ளைகள் வளர்ந்து போன முதியவர்கள் அதிகம். அவர்களிடம் அல்ஜீப்ராவோடு நிற்காமல், பள்ளியின் நிலையும் பாண்டு (பள்ளிக் கடன் பத்திர) வரிப்பணம் செலவான விதமும் பேசத் தெரிந்திருக்க வேண்டும். கதவு திறக்காவிட்டால் துண்டறிக்கையைக் கதவிடுக்கில் செருகுங்கள். அஞ்சல் பெட்டிக்குள் போடுவது கூட்டாட்சிக் குற்றம்; நல்ல எண்ணத்தோடு வரும் தொண்டர்கள் செய்யும் முதல் தவறு இதுதான், காலையிலேயே சொல்லி அனுப்புங்கள்.

எல்லா வாக்காளருக்கும் தபால் வாக்குச்சீட்டு போகிறது, அக்டோபர் 5க்குள். எனவே உங்கள் தேர்தல் நாள் நவம்பர் 3 இல்லை, அக்டோபர் முதல் வாரத்திலிருந்து தினமும்தான். உங்கள் முதல் அஞ்சல் அட்டை, வாக்குச்சீட்டு வரும் அதே வாரம் வீட்டில் இருக்க வேண்டும். ஒரு மாதத்தில் 200க்கு மேல் அனுப்பினால் கமிட்டியின் பெயரும் முகவரியும் குறைந்தது 6 பாயின்ட் எழுத்தில் அட்டையில் இருக்க வேண்டும், யார் பணம் செலுத்தியது என்ற வரியும் வேண்டும். அச்சகத்தில் ப்ரூஃப் பார்க்கும்போது அந்த வரியை விரலால் தொட்டுப் பாருங்கள், மடிப்பில் வெட்டுப்படுவது அங்கேதான். தபால் நிலையத்தில் கொடுக்கும்போது தட்டுகளில் அரசியல் தபாலுக்கான சிவப்பு டேக் 57 கட்டச் சொல்லுங்கள். தட்டு எங்கே தேங்குகிறது என்று கண்டுபிடிக்க அதுதான் அடையாளம்.

தமிழ்ச் சங்கமும் தமிழ்ப் பள்ளியும் 501(சி)(3) எனப்படும் வரிவிலக்கு அமைப்புகள் என்றால் வேட்பாளரை ஆதரிக்கக் கூடாது. அவர்கள் மின்னஞ்சல் பட்டியல், மேடை, பொங்கல் விழாவில் மைக், எதுவும் கூடாது. பாதிக்கப்படுவது நீங்கள் இல்லை, அவர்களுடைய வரிவிலக்கு. எல்லா வேட்பாளரையும் சம மரியாதையோடு அழைத்து ஒரு கலந்துரையாடல் நடத்தலாம், அதைக் கேளுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கமான பிடிஏவும் அப்படியே. பள்ளியின் பெற்றோர் முகவரிப் பட்டியலைத் தொடவே வேண்டாம். டிஸ்ட்ரிக்ட் பொருளைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்துவதைக் கல்விச் சட்டம் தடுக்கிறது. உங்கள் மனைவி வேலை நேரத்தில் உங்கள் பேட்ஜ் அணிவதும் வேண்டாம்.

தமிழர்களிடம் செய்யத் தகுந்த வேலை ஒன்று இருக்கிறது. குடியுரிமை பெற்றும் பதிவு செய்யாதவர்களைப் பதிவு செய்ய வைப்பது. அக்டோபர் 19 கடைசி நாள். சான்டா கிளாரா கவுன்டி பார்வைக்கான வாக்குச்சீட்டுப் படியைத் தமிழிலும் தருகிறது, வீட்டில் இருக்கும் அம்மா அப்பா குடியுரிமை வாங்கியிருந்தால் அதைப் பார்த்து அசல் வாக்குச்சீட்டை அவர்களே நிரப்பலாம்.

ஆசிரியர் சங்கத்தின் கேள்வித்தாளும் கவுன்டி கட்சிகளின் நேர்காணலும் கோடையிலேயே தொடங்கிவிடும். இது கட்சி சார்பற்ற பதவிதான், ஆனால் கட்சிகள் ஆதரவு அறிவிப்பது வழக்கம். சங்கம் உங்களை ஆதரிக்காது என்று தெரிந்தாலும் பதில் அனுப்புங்கள். ஜெயித்தால் சம்பளப் பேச்சில் எதிரே உட்காரப் போவது அவர்கள்தான்.

வேப்பமரம்

மனைவி கிரெடென்ஷியல் இப்போதுதான் சேர்ந்தார். முதலில் வழக்கறிஞர், அதன் பிறகே படிவம் 501. ஆகஸ்ட் 7 தவறிவிட்டால் வேறு வழியே இல்லையா?

பதில் 1: கவுன்ட்டர் ஜன்னல்

ரைட்-இன் உண்டு. செப்டம்பர் 7 முதல் அக்டோபர் 20 வரை அதற்கான படிவம் கொடுக்கலாம். ஆனால் வாக்குச்சீட்டில் பெயர் இருக்காது, கையேட்டில் ஸ்டேட்மென்டும் இருக்காது, வாக்காளர் உங்கள் பெயரைக் கையால் எழுத வேண்டும். மேலும் ஒருவர் மட்டும் மனுக் கொடுத்து தேர்தலே நடக்கவில்லை என்றால் ரைட்-இன்னுக்கும் இடமில்லை. இன்னொரு வாசல், நடுவில் யாராவது பதவி விலகும்போது: காலியான 60 நாளுக்குள் போர்டு ஒருவரை நியமிக்க வேண்டும் அல்லது தேர்தல் அறிவிக்க வேண்டும். விண்ணப்பம் கேட்டுப் பொதுக் கூட்டத்தில் நேர்காணல் செய்வார்கள். மனைவியின் படிப்பு முடிந்து, வேலை மாறி ஓராண்டு ஆன பிறகு இந்த வழியோ 2028 தேர்தலோ உங்களுக்குப் பொருந்தும், உங்கள் ஏரியா அப்போது வந்தால். அதுவரை போர்டு அஜெண்டா 72 மணி நேரம் முன்பே வெளியாகும், பட்ஜெட் பகுதியை எடுத்துப் படித்துக்கொண்டே இருங்கள்.